எந்த இது?

என் காதுக்குள் ஒருத்தி குடியிருக்கிறாள். வாடகை தரமாட்டாள், வாய் மட்டும் ஓயாது. நான் அடுப்படியை விட்டு நகர்ந்ததும், "எரிவாயு அடுப்பு அணைக்கப்பட்டுள்ளது" என்பாள். விழுங்கிய மாத்திரையை மறந்து மறுபடி டப்பாவைத் திறந்தால், "காலை மாத்திரை உட்கொள்ளப்பட்டுவிட்டது" என்று தடுப்பாள். சுத்தமான பாடப்புத்தகத் தமிழ். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இப்படிப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். மருத்துவமனையில் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் நினைவுத்துணை. நான் வைத்த பெயர் காதுக்காரி.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்கு வலிப்பு வந்துவிட்டது. கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதுதான் இந்த நோயின் கஷ்டம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அது எப்போதாவது வந்துபோகிற விருந்தாளி. கூடவே குடித்தனம் நடத்துவது மறதி. சாவி எங்கே, உப்புப் போட்டேனா, எதற்காக இந்த அறைக்குள் வந்தேன், எதிரே சிரித்துக்கொண்டு நிற்கிற இந்த அம்மாள் யார்? நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். ஒரு தடவை ஒரு தலைமையாசிரியை கொடுத்த துணியை, கல்லூரிக்குப் போகிற ஒல்லிப்பெண்ணின் அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டிவிட்டேன். அந்த அம்மாள் அதைப் போட்டுப் பார்த்த கதையை இங்கே சொல்லாமல் இருப்பதே நல்லது.

சமாளிக்க என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். சாவிக்கு ஒரே ஆணி. அளவு ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் ஊக்கால் குத்திய பெயர்ச்சீட்டு. செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்வது: "கேஸ ஆஃப் பண்ணிட்டேன், கேஸ ஆஃப் பண்ணிட்டேன்." இதெல்லாம் பொருளுக்கு உதவும். பேசும்போது வார்த்தையே நழுவினால் என்ன செய்வது? அப்போதெல்லாம் என்னைக் காப்பாற்றியது 'இது' என்கிற சொல். தமிழில் அப்படி ஒன்றை வைத்துவிட்டுப் போன புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். "அந்த இத எடுத்து இதுல வச்சிட்டு, இவருட்ட சொல்லிருங்க" என்று நான் சொன்னால், என் கணவர் ஆல்வின் தேங்காய்த் துருவலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தண்ணி லாரிக்காரரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் படித்த படிப்பு அது.

ஆல்வினுக்குக் கடலில் வேலை. எங்கள் மொட்டைமாடியில் ஏறினால் கடலுக்குள் வரிசையாகக் காற்றாலைக் கோபுரங்கள் தெரியும். அவற்றில் ஏறி ரிப்பேர் பார்க்கிறவர் அவர். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. ஒரு நாள் கொதிக்கிற குழம்புப் பக்கம் நான் விழுந்து முழங்கை வெந்த பிறகு, அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாயங்காலமானால் மட்டும் மாடியில் நின்று ஒவ்வொரு கோபுரமாகப் பார்ப்பார். ஏதாவது ஒன்று சுற்றாமல் நின்றால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார். எனக்காக ஒரு மனிதன் இப்படிக் கரையில் கட்டிக்கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னாலேயே யாரும் வராமல், என் வீட்டில் நான் தனியாக ஒரு டீ போட்டுக் குடிக்க எனக்கும் ஆசையாக இருந்தது.

அப்போதுதான் டாக்டர் நிலோஃபர் காதுக்காரியைப் பற்றிச் சொன்னார். சென்னைக்காரர், பொறுமைசாலி.

"காதுக்குப் பின்னால ஒட்டிக்கும். வலிப்பு கிளம்பறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு உங்களை உக்காரச் சொல்லும், அடுப்பை அணைச்சிடும். அது பழசுதான். புதுசு என்னன்னா, நாள் முழுக்க உங்க கூடவே இருந்து பார்க்கும், கேட்கும். நீங்க விட்டதை எடுத்துக் கொடுக்கும்."

"நாடகத்துல மறைவா நின்னு வசனம் எடுத்துக் குடுப்பாவளே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"எனக்கு ஏன் டாக்டர் இப்படி மறக்குது? புத்தி கெட்டுப்போச்சா?"

"புத்திக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்கு வலிப்பு கிளம்பற இடமும் ஞாபகம் பதியற இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு. இங்க சண்டை நடந்தா அங்க தூக்கம் கெடும். நீங்க சாப்பிடற மாத்திரையும் கொஞ்சம் மந்தமாக்கும். இதுல உங்க தப்புன்னு எதுவுமே இல்ல, ஷெர்லின்."

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் டாக்டர். "மெஷினுக்குப் புரியாதது வந்தா, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்பிக் கேட்கும். சம்மதமா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்வினைப் பார்த்தேன். என்னை நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்? தலையாட்டினேன். அவர் என்னவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதச் சோதனை. அதுவரைக்கும் ஆல்வின் தற்காலிகமாகக் கடல் வேலைக்குப் போய்வருவார். நான் தனியாகச் சமாளித்துவிட்டால் கருவி எனக்கு, கடல் ஆல்வினுக்கு. இல்லையென்றால் இரண்டு பேரும் பழையபடி கரையோடு.

முதல் வாரங்களில் எனக்கும் காதுக்காரிக்கும் ஒத்தே வரவில்லை.

"அந்த இது எங்க?" என்பேன்.

"எந்த இது?" என்பாள்.

"அதான்… துணி வெட்டுத இது."

"கத்தரிக்கோல் தையல் இயந்திரத்தின் கீழே உள்ளது."

"போஸ்டாபீஸ்ல வேல பாக்குத இது வந்தாவளே, அவுக அளவு ஜாக்கெட்?"

"எந்த இது?"

கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாமா என்று வரும். கடலிலிருந்து ஆல்வின் போனில் பேசும்போது புலம்புவேன். "கொஞ்சம் பொறு ஏட்டி, படிச்சிரும்" என்பார்.

படித்தது. அதுதான் அதிசயம். "போஸ்டாபீஸ் இது" என்றால் காதுக்குள் கொஞ்சம் மௌனம், பிறகு "செல்வமேரி" என்று வரும். "சனிக்கிழமை இதுக்குப் போகணும்லா" என்றால், "ரீத்தா மகள் திருமண வரவேற்பு" என்பாள். அந்த மௌனம் மட்டும் நேரத்துக்கு நேரம் மாறும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் வெகுநேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தமாகப் பதிலே வராது, வெயில் ஏறிய பிறகு சேர்த்துவைத்து மொத்தமாகக் கொட்டுவாள். மெஷினாக இருந்தாலும் அதற்கும் ஒரு லீவு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது, "உடனே தரையில் அமரவும்" என்றாள். உட்கார்ந்தேன். அதற்குமேல் ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது அடுப்பு அணைந்திருந்தது, குழம்பு பாதியில் நின்றது, நான் ஒருக்களித்துக் கிடந்தேன். "இது வேணும்… இது…" என்று உளறியிருக்கிறேன். காதில், "தண்ணீர். எழுந்திருக்க வேண்டாம். அப்படியே படுத்திரு" என்று கேட்டது. எப்போதும் மரியாதை கொடுத்துப் பேசுகிறவள் 'படுத்திரு' என்றாளே என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு குளோரி கதவைத் தட்டினாள். "சும்மாதான் வந்தேன்க்கா" என்றாள். கையில் தண்ணீரும் ஒரு பிளாஸ்க் நிறையச் சுக்குக்காப்பியும் இருந்தன. மாலையில் நானே எழுந்து, மிச்சக் குழம்பை வைத்து முடித்துச் சாப்பிட்டேன். அந்தக் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆல்வின் பதறிக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நாள் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. "ஒங்க வீட்டு இது இருக்குல்லா, அது இத்தன மாசத்துல ஒரு நாளாவது வந்து என்னைய எட்டிப் பாத்துச்சா? வாய மட்டும் வளத்து வச்சிருக்கு."

காதுக்குள் மௌனம். வழக்கத்தைவிட நீளமான மௌனம். பிறகு, "பெமிலா மதினி" என்றாள் காதுக்காரி.

விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏங்க, ஒங்க அக்காளப் பத்தி மெஷினுக்கே தெரிஞ்சு போச்சு!"

ஆல்வின் சிரிக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெமிலா மதினி ஆல்வினுக்கு மூத்தவர். கல்யாணமான புதிதில் நாங்கள் அவர் வீட்டில்தான் இருந்தோம். முதல் நாளே என்னைப் பார்த்து, "ஏ பிள்ள, அந்த அமுக்கிய எடு" என்றார். நான் ஓடிப்போய்த் தேய்ப்புப் பெட்டியை எடுத்துவந்து நீட்டினேன். வீடே சிரித்தது. டிவி ரிமோட்டுக்கு அவர் வைத்த பெயர் அமுக்கி. வேறு யார் வாயிலிருந்தும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

அதெல்லாம் நல்ல காலம். கொஞ்ச நாளில் ஒரு விருந்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தால் உள்ளங்கையில் மதினியின் சாவிக்கொத்து. இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று திணித்திருக்கிறார். அது போகட்டும். "சீக்க மறச்சுக் கட்டிக் குடுத்துட்டாவளே" என்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் வீட்டில் யாரும் மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஆல்வினிடம் சொன்னோம், அவர்தான் தன் வீட்டில் சொல்லவில்லை. அந்த வாரமே தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். அதன் பிறகு கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் "நல்லாருக்கியா", "நல்லாருக்கேன்" என்பதோடு சரி. தினமும் உப்பை மறக்கிற எனக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவேயில்லை.

சோதனை முடிகிற வாரம் வந்தது. ஒரு சாயங்காலம் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு, "அந்த இத எங்க வச்சேன், சீரியல் போட்ருப்பானே" என்று தேடினேன்.

சின்ன மௌனம். "அமுக்கி அரிசி டப்பாவின் மேல் உள்ளது."

போய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சீரியலும் பார்த்தேன். விளம்பரம் வந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. பாடப்புத்தகத் தமிழில் அமுக்கி!

மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அமுக்கின்னா என்ன டாக்டர்?"

"அப்படின்னா?"

"டிவி ரிமோட். அப்படிச் சொல்லுத ஆள் இந்த ஒலகத்துல ஒருத்திதான் உண்டு. அவுக எப்படி என் காதுக்குள்ள வந்தாவ?"

டாக்டர் நிலோஃபர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"நீங்க சொன்னப்ப நான் எங்க வீட்டுக்காரவுகன்னுலா நெனச்சுத் தலையாட்டினேன்!"

"அவர் கடல்ல இருக்காரு, பாதி நேரம் சிக்னல் கிடையாது. உங்க 'இது' புரியற இன்னொரு ஆள் யாருன்னு கேட்டேன். 'என் அக்கா. ஷெர்லின் அந்த வீட்ல கொஞ்ச நாள்தான் இருந்தா, ஆனா அக்காவுக்கு அவ பேச்சு பூரா அத்துப்படி'ன்னாரு. அவங்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு."

"ஏன்?"

"'தெரிஞ்சா அவ என் பதில வாங்கிக்கிட மாட்டா'ன்னு சொன்னாங்க."

உண்மைதான், வாங்கியிருக்கமாட்டேன். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ என் வீட்டுக்குள்ள நான் பேசினத எல்லாம் அவுக கேட்டுக்கிட்டு இருந்தாவளா?"

"எல்லாம் இல்ல. மெஷினுக்குப் புரியாத வாக்கியம் மட்டும். ஆனா உங்க கோபம் நியாயம்தான். யாருன்னு உங்ககிட்ட சொல்லாம சம்மதம் வாங்கினது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

நான் இன்னும் நான்கு வார்த்தை கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த நீளமான மௌனம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஒங்க வீட்டு இது, வாய மட்டும் வளத்து வச்சிருக்கு. என் குரலில் அந்த வாக்கியம் மதினிக்குப் போயிருக்கிறது. எந்த இது என்று மெஷின் அவரிடமே கேட்டிருக்கிறது. அவர் போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தன் பெயரைத் தானே சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

வந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அன்னைக்கு குளோரி சும்மா வந்தாளே…" என்றேன்.

"அவங்கதான் போன் பண்ணி அனுப்பினாங்க. நீங்க உளறினது அவங்களுக்குப் போச்சு." டாக்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஷெர்லின், இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. சோதனை நல்லா முடிஞ்சிருக்கு. ஆனா பாதிக்கு மேல பதில் அவங்களோடது. மெஷின் கத்துக்குது, ஆனா உங்க 'இது' நாளுக்கு ஒரு அர்த்தம். அவங்க ஆறு மாசத்துக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. அவங்க தொடர்ந்தா நீங்க தனியா இருக்கலாம்னு நான் எழுதிக் கொடுப்பேன். இல்லைன்னா என்னால முடியாது. ஆல்வின் திரும்ப வந்துதான் ஆகணும்."

"நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்."

"இனிமே நான் கேட்கக்கூடாது. நீங்கதான் கேட்கணும்."

வெளியே வந்து ஆளில்லா ஆட்டோவில் ஏறினேன். "எங்கே செல்ல வேண்டும்?" என்று ஆட்டோ கேட்டது. தெரு பெயர் வரவில்லை, "மதினி வீடு" என்றேன். காதுக்காரி முகவரியைச் சொன்னாள், நான் அதை ஆட்டோவிடம் ஒப்பித்தேன். இந்த ஒரு விலாசம் மட்டும் எந்த மௌனமும் இல்லாமல் உடனே வந்தது.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே போனேன். ஆல்வின் மாடியில் நிற்பது, என் டீ, சுக்குக்காப்பி எல்லாம் வரிசையாக இருந்தது. மதினி கதவைத் திறந்ததும் எல்லாம் போயே போய்விட்டது. மனசு பதறினால் எனக்கு முதலில் ஓடிப்போவது வார்த்தைதான். மதினிக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை.

"மதினி… நான் ஒங்ககிட்ட ஒரு இது சொல்லணும்னு வந்தேன்."

காதுக்குள் மௌனம். உள்ளே சாப்பாட்டு மேஜையில் மதினியின் போன் டிங் என்றது.

இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம். மதினி கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போய்ப் போனை எடுத்தார். அதிலிருந்து என் குரலே எனக்குக் கேட்டது: "நான் ஒங்ககிட்ட ஒரு இது சொல்லணும்னு வந்தேன்." அடுத்து, "எந்த இது?" என்று கேட்டது மெஷின்.

மதினி என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பேசினார். "தேங்க்ஸ் சொல்ல வந்திருக்கா. அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வாசல்ல நிக்காம உள்ள வந்து உக்காரச் சொல்லு."

என் காதில் காதுக்காரி அடக்கமாகச் சொன்னாள்: "நன்றி. அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். உள்ளே வந்து அமரவும்."

அமர்ந்தேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மதினி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தானும் ஒரு தம்ளரோடு எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது சாவிதான் பிள்ள" என்றார். "வாய்க்கு வந்ததப் பேசினேன், கைக்குக் கெடச்சத ஒங்கையில திணிச்சேன். ரெண்டும் தப்புன்னு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். தம்பி வந்து, போன்ல ஒனக்குப் பதில் சொல்ல முடியுமான்னு கேட்டப்ப, இதாவது சரியாக் குடுப்போம்னு நெனச்சேன்."

"மதினி, நீங்க தொடர்ந்து இருந்தாத்தான் அவுக கடலுக்குப் போக முடியும். இல்லன்னா டாக்டர் எழுதித் தரமாட்டாவ. ஒங்களால முடியுமா?" இதை ஒரு 'இது'கூட இல்லாமல் சொல்லி முடித்தேன்.

மதினி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாட்டு முடியுத வரைக்கும் ஒண்ணையும் மறக்காத" என்றார். "போன வாரம் பிரசங்கத்துக்கு நடுவுல டிங் டிங்குனு அடிச்சு, பாஸ்டர் ஐயரே என்னையப் பாத்துட்டாரு. மத்தியானம் சாப்ட்டு நான் கொஞ்சம் கண்ண மூடுவேன். அப்பவும் மறக்காத. மத்த நேரம் நீ என்னத்தையும் மறந்துக்க."

"சரி மதினி."

"பெறவு ஒங்க வீட்டு இதுன்னு என்னையச் சொன்னியே…"

நான் தம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். மதினி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது தேய்ப்புப் பெட்டியை நீட்டிய அன்றைக்குத்தான்.

சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தவர் பரபரத்தார். "ஏ பிள்ள, பேச்சுவாக்குல நேரம் போச்சு பாரு. அந்த இத எடு."

"எந்த இது?" என்றாள் காதுக்காரி.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அலமாரி மேல் இருந்த அமுக்கியை எடுத்து மதினியின் கையில் கொடுத்தேன்.